ஐந்தடி உயரத்தில் ஒரு கோடு

என் அப்பா கொத்தனார். கும்பகோணத்துக்கு மேற்கே, காவிரிக் கரையோரம் ஏழெட்டு ஊர்களில் அவர் எழுப்பிய வீடுகள் இன்னும் நிற்கின்றன. அவர் காகிதத்தில் பிளான் போட்டு நான் பார்த்ததில்லை. மனையில் முளைக்குச்சி அடிப்பார், நூல் இழுப்பார், மூலைமட்டம் வைத்துப் பார்ப்பார். பிறகு சுண்ணாம்புப் பொடியைக் கையில் அள்ளி நூலோரமாகச் சிந்திக்கொண்டே நடப்பார். அரைமணியில் ஒரு வீடு தரையில் படுத்துக் கிடக்கும்.

சிக்கல் அப்போதுதான் வரும். வீட்டுக்கார அம்மா கோடுகளைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா மேஸ்திரி? ரெண்டு பாய் விரிக்க முடியாது போலிருக்கே" என்று முகம் வாடிப் போவார். வெட்டவெளியில் கிடக்கிற பத்தடி அறை பார்வைக்கு ஆறடி மாதிரிதான் தெரியும். அப்பா விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். அந்த அம்மாவைக் கோட்டுக்குள் கூட்டிப்போய் அடுப்படி வருகிற இடத்தில் நிறுத்துவார். இரண்டு சித்தாள்களைக் கூப்பிட்டுச் சாக்குப்படுதாவைச் சுவர்போல் பிடிக்கச் சொல்வார். மட்டக்கோலைக் குறுக்காக நீட்டி, சன்னல் எங்கே ஆரம்பிக்கும் என்று காட்டுவார். "இங்கயே நில்லுங்கம்மா. இப்ப நிமிந்து பாருங்க. மாட்டுக் கொட்டகை தெரியுதா? வீடு வந்தப்புறமும் இங்கேருந்து தெரியும்." அந்த அம்மா முகத்தில் வெளிச்சம் வரும். அதைப் பார்த்த பிறகுதான் அப்பா கடக்கால் தோண்டச் சொல்வார்.

நாற்பத்தைந்து வருடமாக ஆர்க்கிடெக்டுகளின் அலுவலகங்களில் நான் செய்த வேலையும் அதுதான். சாக்குப்படுதா இருந்த இடத்தில் எனக்குக் காகிதம். இன்னும் கட்டாத கட்டடத்தை, கட்டி முடித்தால் எப்படி இருக்குமோ அப்படி வரைந்து காட்ட வேண்டும். அலுவலகத்தில் அதற்குப் 'பெர்ஸ்பெக்டிவ்' என்று பெயர். என்னைப் 'பெர்ஸ்பெக்டிவ் ஆர்ட்டிஸ்ட்' என்பார்கள். ஊரில் அம்மா கடைசிவரை, "எம்புள்ள மெட்ராசுல வீட்டுப் படம் வரையுறான்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவே சரியான பெயர் என்று எனக்கு இப்போது படுகிறது.

1974-ல் சென்னை ஓவியக் கல்லூரியில் சேர்ந்தேன். 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. நான் போன காலத்தில் மாணவர்களின் பேச்செல்லாம் சோழமண்டலம்தான். கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்தவர்களும் 1966-ல் கடற்கரையோரம் நிலம் வாங்கி உண்டாக்கிய ஓவியர் கிராமம். எல்லாருக்கும் அங்கே போய்விட வேண்டும் என்ற கனவு. எனக்கும் இருந்தது. ஆனால் ஊரில் அப்பாவுக்குத் தோள்பட்டை போய்விட்டது, தங்கைகள் இரண்டு பேர். மாதச் சம்பளம் தருகிற இடம் எனக்கு வேண்டும்.

அப்போது ஒரு விஷயம் எனக்கு ஆறுதலாக இருந்தது. சேப்பாக்கத்தில் கடலைப் பார்த்து நிற்கும் செனட் ஹவுஸ் 1879-ல் முடிந்த கட்டடம். அதைக் கட்டிய ராபர்ட் சிஷோம் நான் படித்த ஓவியப் பள்ளிக்கும் தலைவராக இருந்தவர். வீடு கட்டுகிறவனும் படம் எழுதுகிறவனும் ஒரே கூரையின் கீழ் இருந்த காலம் ஒன்று இந்த ஊரிலேயே இருந்திருக்கிறது. நான் கட்டடத்துக்காகப் படம் போடப் போவது ஓவியத்தை விட்டு இறங்குவது ஆகாது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

கீழ்ப்பாக்கத்தில் ஒரு பழைய பங்களாவின் மாடியில் அந்த அலுவலகம். ஆர்க்கிடெக்டை எல்லாரும் 'சார்' என்போம். முதல் நாள் அவர் என் கல்லூரிப் படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எல்.ஐ.சி. கட்டடத்தை எங்க நின்னு பார்த்தே?"

பார்த்திருந்தேன். சென்னைக்கு வந்த முதல் வாரமே மவுண்ட் ரோட்டில் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று பார்த்தேன். 1959-ல் திறந்த பதினான்கு மாடி. அண்ணாந்து பார்த்தால் பக்கவாட்டுக் கோடுகள் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கும். அதை அப்படியே வரைந்தால் கட்டடம் பின்னால் சாய்கிற மாதிரி இருக்கும் என்றும், அதனால் செங்குத்துக் கோடுகளை நிமிர்த்தியே வைத்தேன் என்றும் சொன்னேன். சார், "நாளைக்கு வா" என்றார்.

தொழிலை எனக்குக் கற்றுத் தந்தது அங்கிருந்த ஒரு மூத்த டிராஃப்ட்ஸ்மேன். முறை இதுதான். பிளானைத் திருப்பி ஒரு கோணத்தில் வைக்க வேண்டும். பார்க்கிறவர் எங்கே நிற்கிறார் என்று ஒரு புள்ளி. அவருடைய கண் எந்த உயரத்தில் இருக்கிறது என்று குறுக்கே ஒரு கோடு. அதுதான் கண்மட்டக் கோடு. கட்டடத்தின் ஒரு பக்கத்துக் கிடைக்கோடுகள் எல்லாம் அந்தக் கோட்டில் இடப்புறம் ஒரு புள்ளியில் போய் மறையும். மறுபக்கத்துக் கோடுகள் வலப்புறம் ஒரு புள்ளியில். அவற்றை நாங்கள் 'வி.பி.' என்போம். ஒன்று பலகைக்குள்ளேயே விழுந்துவிடும். மற்றது ஆறடி, ஏழடி தள்ளிப் போய் விழும்.

அதற்காகப் பெரிய படம் என்றால் பலகையைச் சுவரோடு நிறுத்தி, அதே சுவரில் கண்மட்டக் கோட்டின் நேரே ஓர் ஆணி அடித்து நூல் கட்டுவோம். எங்கள் அலுவலகத்தில் அந்த ஆணி, அம்மோனியா பிரிண்ட் எடுக்கும் அறையின் வாசலுக்கு அந்தப் பக்கம் விழுந்தது. வாசலின் குறுக்கே நூல் ஓடும். பிரிண்ட் எடுக்கப் போகிறவர்கள், வருகிறவர்கள், சார் உட்பட எல்லாரும் நான்கு நாளைக்குக் குனிந்துதான் போவார்கள். ஒருவரும் முகம் சுளித்ததில்லை. நூலைக் கையில் பிடித்த முதல் நாள் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அப்பா மனையில் இழுத்த அதே முறுக்கு நூல்.

கோடு முடிந்த பிறகு வண்ணம். தாளை நனைத்து, ஓரங்களில் பசைக்காகிதம் ஒட்டிப் பலகையோடு இழுத்துக் காயவிட்டால்தான் வண்ணத் தண்ணீர் பட்டால் பொம்மாமல் இருக்கும். வானத்துக்குப் பலகையைக் கொஞ்சம் சாய்த்து, மேலிருந்து கீழே ஒரே மூச்சில் இழுத்துவர வேண்டும். நடுவில் நிறுத்தினால் தழும்பு விழும். சென்னை மே மாதத்தில் மின்விசிறி ஓடினால் பாதி வானத்திலேயே காய்ந்துவிடும். அதனால் விசிறியை நிறுத்திவிடுவோம். நெற்றியில் துண்டைக் கட்டிக்கொள்வேன். ஒரு சொட்டு வியர்வை போதும், நான்கு நாள் வேலை போய்விடும். சிமெண்டுப் பூச்சின் சொரசொரப்புக்குப் பல்துலக்கும் பிரஷ்ஷில் வண்ணம் தொட்டு விரலால் தெறிப்போம். டிரேசிங் தாளில் இங்க் கோடு தப்பினால் பாதி பிளேடால் சுரண்டி, நகத்தால் தேய்த்து மழமழப்பாக்க வேண்டும். சுரண்டின இடத்தில் மறுபடி கோடு போட்டால் இங்க் ஊறாமல் இருப்பதற்கு அந்தத் தேய்ப்புதான்.

நான் செய்த முதல் பெரிய தப்பு வெயிலில். புத்தகங்களில் சூரியன் எப்போதும் இடது மேல் மூலையிலிருந்து நாற்பத்தைந்து டிகிரியில் அடிக்கும். நானும் அப்படியே ஒரு கட்டடத்துக்கு நிழல் போட்டேன். பால்கனிக்குக் கீழே கறுப்பாக, கச்சிதமாக விழுந்த நிழல். எனக்கே பெருமையாக இருந்தது. சார் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது எந்தப் பக்கம் பார்த்த கட்டடம்?" வடக்கு என்றேன். "மெட்ராஸ் பதிமூணு டிகிரி வடக்குல இருக்கு. ஏப்ரல் கடைசிலேருந்து ஆகஸ்ட் நடுவரைக்கும்தான் உச்சி வேளையில சூரியன் நமக்கு வடக்கே நிக்கும். மீதி எட்டு மாசம் இந்தச் சுவர்ல மத்தியான வெயிலே கிடையாது. நீ போட்ட நிழல் நம்ம ஊர் நிழல் இல்லப்பா."

அந்தப் படத்தை மறுபடி போட்டேன். முகப்பு முழுக்க நிழலில். வெயில் முன்னாலிருக்கும் தரையில் விழுந்து, அங்கிருந்து எழும்பி, சன்ஷேடின் அடிப்பாகத்தை மெல்லச் சூடாக்குகிற மாதிரி. நிழலுக்குள் இருக்கும் வெளிச்சத்தை வரைவதற்கு எனக்குப் பத்து வருடம் பிடித்தது. இந்த ஊரில் நிழல்தான் வீட்டுக்குள் மனிதனை அழைக்கிறது என்பது வரைந்து வரைந்துதான் எனக்குப் புரிந்தது.

மரங்களும் அப்படித்தான். அப்போது ஒட்டுப்படத் தாள்கள் வரும். தேய்த்தால் மரம், கார், மனிதர் எல்லாம் தாளில் இறங்கும். மரங்கள் எல்லாம் குளிர்நாட்டு மரங்கள். தூங்குமூஞ்சி மரம் நிற்கிற தெருவில் ஊசியிலை மரத்தை எப்படி வைப்பது? ஞாயிற்றுக்கிழமைகளில் அடையாறு தியாசபிகல் சொசைட்டி தோட்டத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன். வேம்பு, புங்கன், இலுப்பை, அந்தப் பெரிய ஆலமரம் என்று ஒவ்வொன்றாகப் படித்தேன். 1989-ல் புயற்காற்றில் அந்த ஆலின் தாய்மரம் சாய்ந்தபோது என்னிடம் அதன் படங்கள் பத்துப் பன்னிரண்டு இருந்தன.

அந்த விஷயத்தில் எனக்கு வழிகாட்டியாக இருந்தவை இலங்கையிலிருந்து வந்த சில வரைபடங்கள். ஜெஃப்ரி பாவா 1970-களில் சென்னை கன்னிமாரா ஓட்டலின் புதுப்பிப்பு, மதுரை கிளப் என்று தமிழ்நாட்டிலும் வேலை செய்திருக்கிறார். அவருடைய அலுவலகப் படங்களைச் சார் ஒருமுறை காட்டினார். கட்டடத்துக்குச் சமமாக மரங்கள். பூவரசு வேறு, பலா வேறு என்று இலையும் கிளையும் தெரிய, மனையில் நிற்கும் மரத்தையே நிற்க வைத்திருந்தார்கள். அந்தப் பாணியை உண்டாக்கியவர்களில் முக்கியமானவர் லக்கி சேனநாயக்க. அவர் பிறகு பாவாவின் கட்டடங்களுக்குள்ளேயே சிற்பங்கள் செய்தார். காலியில் உள்ள லைட்ஹவுஸ் ஓட்டலில் சுழல்படிக்கட்டு நெடுகப் போர்க்களமே ஏறி நிற்கிறது. படம் போடுகிறவனைக் கட்டடத்துக்குள் அழைத்துப் போக ஓர் ஆர்க்கிடெக்ட் தயாராக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். 2021-ல் சேனநாயக்க இறந்த செய்தி வந்த அன்று நான் வேலை செய்யவில்லை.

எங்கள் பெயர் படத்தில் வருவதில்லை. அமெரிக்காவில் மேரியன் மஹோனி என்ற பெண்மணி, ஃபிராங்க் லாயிட் ரைட்டின் அலுவலகத்தில் அவருடைய கட்டடங்களுக்குப் பெயர் வாங்கித் தந்த படங்களை வரைந்தவர். பின்னர் அவரும் கணவர் வால்டர் பர்லி கிரிஃபினும் சேர்ந்து ஆஸ்திரேலியாவின் தலைநகரத்துக்குப் போட்டிக்கு அனுப்பிய படங்கள் 1912-ல் வென்றன. அந்தக் கணவர் 1937-ல் லக்னோவில் இறந்து அங்கேயே அடக்கமானார். கடைசி மாதங்களில் அவரோடு லக்னோவில் வேலை செய்தவரும் மேரியன்தான். உலகம் அறிந்த பெயர்கள் ரைட், கிரிஃபின். கையோ மேரியனுடையது. இதை நான் மனத்தாங்கலோடுதான் எழுதுகிறேன்.

பெயர் போட முடியாததால் நான் வேறொன்று செய்தேன். என் படங்கள் எல்லாவற்றிலும் வேட்டி கட்டி, தோளில் துண்டு போட்ட ஒருவர் நிற்பார். சில படங்களில் வாசலருகே, சிலவற்றில் தூரத்தில் மரத்தடியில். அது அப்பா. அவருடைய கண் சரியாக ஐந்தடி உயரத்தில் இருக்கும். நான் கண்மட்டக் கோட்டைப் போடுவதும் ஐந்தடியில்தான். சமதரையில் அந்த உயரமுள்ளவர் எவர் நின்றாலும், பக்கத்தில் நின்றால் என்ன, நூறடி தள்ளி நின்றால் என்ன, கண்கள் எல்லாம் அந்த ஒரே கோட்டில் வந்து அமரும். அந்தக் கோட்டில் அப்பாவை நிறுத்திவிட்டால் கட்டடத்தின் அளவு தானாகப் பிடிபட்டுவிடும். ஒரு கட்டுமான நிறுவனக்காரர், "அந்தப் பெரியவரை எடுத்துட்டு ஒரு கோட்டு சூட்டு ஆளைப் போடுங்க" என்றார். போட்டுக் கொடுத்தேன். அந்தப் படத்தின் நகலை நான் வைத்துக்கொள்ளவில்லை.

இனிச் சொல்லப்போவது எனக்கு எளிதில்லை. 1990-களில் அடுக்குமாடி வீடுகள் பெருகின. கட்டி முடிப்பதற்கு முன்பே விற்க வேண்டும். விற்பதற்குப் படம் வேண்டும். தனியாகத் தொழில் செய்ய ஆரம்பித்திருந்த எனக்கு வாரம் ஒரு படம் வந்தது. மனையைப் போய்ப் பார்க்க நேரமில்லை. பிளானை அனுப்புவார்கள், படத்தை அனுப்புவேன். ஒருமுறை, "பக்கத்து மனையைக் காலியா விடுங்க, மரம் போட்டு நெரப்பிடுங்க" என்றார்கள். போட்டேன். புங்க மரங்கள், அதற்கப்பால் கொஞ்சம் வானம். நல்ல படம் அது.

இரண்டு வருடம் கழித்து ஒரு பள்ளி ஆசிரியை என் முகவரியை எப்படியோ விசாரித்துக்கொண்டு வந்தார். கையில் அந்த விளம்பரத் தாள். மடிப்பு மடிப்பாகத் தேய்ந்திருந்தது. முதல் மாடியில், அந்த மரங்களைப் பார்த்த பால்கனி வீட்டை வாங்கியிருக்கிறார். நடக்க முடியாத அப்பா, பகலெல்லாம் அந்தப் பால்கனியில் உட்கார்ந்திருக்கட்டும் என்று. ஐந்தடி தள்ளி நான்கு மாடிச் சுவர் நிற்கிறது. நான் படம் போட்ட நாளிலேயே அந்தச் சுவருக்குத் தூண் எழும்பியாகிவிட்டது.

அவர் சண்டை போட வரவில்லை. "சார், இந்த மரமெல்லாம் எங்க இருந்துச்சு? நீங்க பார்த்துதான வரைஞ்சிருப்பீங்க?" என்று கேட்டார். பார்க்கவில்லை என்று சொன்னேன். அவருக்கு அதை நம்ப முடியவில்லை. என் மனைவி கொடுத்த காபியைக் குடிக்காமல் எழுந்து போனார்.

2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் பன்னிரண்டாம் பிரிவு, விளம்பரத்தில் உள்ள பொய்யை நம்பிப் பணம் கட்டி நட்டப்பட்டவருக்குக் கட்டுமான நிறுவனம் ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது. அந்த அம்மாவுக்கு அப்படிப் போய் நிற்க ஒரு வாசல் அப்போது இல்லை. அவர் போன மறுநாளிலிருந்து நான் மனையில் கால் வைக்காமல் ஒரு படமும் எடுத்துக்கொண்டதில்லை. பக்கத்தில் டிரான்ஸ்பார்மர் இருந்தால் டிரான்ஸ்பார்மர், சாக்கடை இருந்தால் சாக்கடை. வேலை பாதியாகக் குறைந்தது. குறையட்டும் என்று என் மனைவிதான் முதலில் சொன்னார்.

எப்படியும் அது குறையத்தான் போகிறது. கம்ப்யூட்டர் வந்துவிட்டது. முதலில் பிளானுக்கு ஆட்டோகேட், பிறகு 3டி மேக்ஸ், ஸ்கெட்ச்சப். 2000-க்குப் பிறகு கையால் போட்ட படம் கேட்பவர்கள் ஆண்டுக்கு நான்கைந்து பேர்தான். கம்ப்யூட்டரை நான் பழித்துப் பேச மாட்டேன். எந்த ஊர், எந்தத் தேதி, எத்தனை மணி என்று சொன்னால் நிழலைத் துல்லியமாகப் போட்டுவிடுகிறது; வடக்குச் சுவரில் நான் செய்த தப்பை அது செய்யாது.

நான் இழந்ததாக நினைப்பது அந்த நான்கு நாட்களை. ஒவ்வொரு மூலையையும் கையால் எழுப்பும்போது கட்டடத்துக்குள் நாமே நடக்கிறோம். ஒரு மருத்துவமனைப் படத்துக்குக் கோடு போடும்போது மாடிப்படியின் திருப்பத்தில் உத்தரம் குறுக்கே வந்தது. அளந்தால் படிக்கும் உத்தரத்துக்கும் நடுவே ஐந்தரை அடிதான். ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவன் நெற்றியில் இடித்துக்கொள்வான். பிளானிலும் செக்‌ஷனிலும் மூன்று பேர் பார்த்தும் தப்பியிருந்தது. நூலைப் பிடித்தபடியே சாரைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தவர் அங்கேயே, என் படத்தின் ஓரத்திலேயே, பென்சிலால் படிக்கட்டைத் திருப்பிப் போட்டார். அந்த மூலையை நான் அழிக்கவில்லை. சார் போன பிறகு அவர் வீட்டிலிருந்து அந்தத் தாளை எனக்கே கொடுத்துவிட்டார்கள்.

போன வருடம் இரண்டு இளம் ஆர்க்கிடெக்டுகள், கணவனும் மனைவியும், தேடிக்கொண்டு வந்தார்கள். திருவண்ணாமலைப் பக்கம் ஒரு சிற்றூருக்குப் பள்ளிக்கூடம். கம்ப்யூட்டர் படம் அவர்களிடமே இருந்தது. ஊர்க்காரர்களுக்குக் காட்டியபோது, "நல்லாருக்கு" என்பதற்கு மேல் யாரும் பேசவில்லையாம். "நீங்க ஒண்ணு வரைஞ்சு குடுங்கய்யா" என்றார் அந்தப் பெண்.

மனைக்குப் போனேன். இப்போதைய பள்ளி ஓட்டுக் கொட்டகையில் நடக்கிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைச் சுவரோடு நிறுத்தி, தலையை அளக்காமல் கண்ணை அளந்தேன். பெரும்பாலும் மூன்றேகால் அடிக்குப் பக்கத்தில் வந்தது. வீட்டுக்கு வந்து பலகையைக் கூடத்துச் சுவரில் நிறுத்தி, கண்மட்டக் கோட்டை மூன்றேகால் அடியில் போட்டேன். வாழ்நாளில் முதல் தடவை ஐந்தடியை விட்டு இறங்கினேன். ஆணி அடுக்களை வாசலுக்கு அப்பால் விழுந்தது. என் மனைவி ஒரு வாரம் நூலுக்குக் கீழே குனிந்து தட்டும் தம்ளருமாகப் போய்வந்தார்.

வகுப்பறை கோட்டில் எழும்பியது. கதவு கோபுர வாசல் மாதிரி உயர்ந்து நின்றது. சன்னல் திட்டு கண்மட்டக் கோட்டுக்கு மேலே போய் நின்றது. அதற்கு மேலே வெறும் வானம். வெளியே இருக்கிற வேப்பமரத்தின் உச்சி மட்டும் கொஞ்சம். மைதானம் இல்லை, மலை இல்லை.

வண்ணம் வைக்கும் முன் அவர்களை வரச் சொன்னேன். அந்தப் பெண் பலகை முன்னால் தரையில் உட்கார்ந்து, கண்ணைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து பார்த்தார். வெகுநேரம் எழவில்லை. பிறகு கணவரிடம், "திட்டை ஒண்ணேமுக்கால் அடிக்கு இறக்கணும்" என்றார். கிராதி, மழைச்சாரல், செலவு என்று இருவரும் பேச ஆரம்பித்தார்கள். நான் அழிரப்பரை எடுத்து அந்தத் திட்டை அழித்தேன். நூலைத் தளர்த்திக் கீழே இறக்கி, புதுக்கோடு இழுத்தேன். மைதானம் உள்ளே வந்தது, வேம்பின் அடிமரம் வந்தது, தூரத்தில் மலை வந்தது. மரத்தடியில் அப்பா நிற்கிற இடத்தைப் பென்சிலால் குறித்தேன். கண் மூன்றேகால் அடிக்கு இறங்கிவிட்டதால் இந்தப் படத்தில் அவர் தலை கோட்டுக்கு மேலே, நான் சின்னப் பையனாகப் பார்த்த உயரத்தில் இருந்தது.